தறியை நிறுத்தும் உரிமை

(பல்லடத்தில் விசைத்தறிக்காரர்கள், கறிக்கோழிப் பண்ணையாளர்கள், ஆலை மேற்பார்வையாளர்கள் கலந்துகொண்ட ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘பணியிடத்தில் நல்ல முடிவெடுப்பது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் புத்தகங்களில் வரும் முதலாளி பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் நாலு வழி இருக்கும், ஒவ்வொரு வழிக்கும் லாப நட்டக் கணக்கு இருக்கும், யோசிக்க அவகாசமும் இருக்கும். நம் ஊரில் அப்படிப்பட்ட மேசையை நான் பார்த்ததில்லை. இங்கே லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, கரண்ட் போய் வந்த கையோடு, இன்னொரு போனில் நூல் வியாபாரி காத்திருக்கும்போது முடிவு எடுக்கிறோம். பல நேரங்களில் முடிவு எடுத்தோம் என்பதே நமக்குத் தெரியாது. ‘ஓட்டுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறோமே, அதுவும் முடிவுதான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பெரிய நட்டங்களில் பாதி அந்த வகை முடிவுகளால் வந்திருக்கும்.

அதனால் இன்று நான் முடிவெடுப்பதன் படிகள், சூத்திரங்கள் எதற்கும் போகவில்லை. ஒரே கேள்வியைத்தான் வைக்கப் போகிறேன். உங்கள் இடத்தில் ஏதோ தப்பாகிறது என்று முதலில் பார்க்கிற ஆள் யார்? அவர் ‘நிறுத்துங்க’ என்றால் நிற்குமா? நின்றால், அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு என்ன நடக்கும்?

தறியிலிருந்தே தொடங்குவோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். சாதாத் தறியில் ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், அதற்கு ஒரு முள் இருக்கிறது. பாவில், அதாவது நீளவாக்கு இழைகளில், ஒன்று அறுந்தால் பெரும்பாலான சாதாத் தறிகளில் நிற்காது. ஓட்டுகிறவர் கண்ணில் பட்டால் உண்டு. அவர் நாலைந்து தறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசித் தறிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இழை விட்டுப்போன துணி சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்று ஒருவர் இருந்தார். 1867இல் பிறந்தவர், தச்சர் ஒருவரின் மகன். கைத்தறியில் உட்கார்ந்து அல்லாடும் கிராமத்துப் பெண்களைப் பார்த்து வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் தறியையே திருத்திக்கொண்டிருந்தார். 1924இல் அவரும் மகன் கீய்ச்சிரோவும் முடித்த தானியங்கித் தறியில் இரண்டு சங்கதிகள் முக்கியம். ஓட்டத்தை நிறுத்தாமலே ஊடை நூலைச் சுமக்கும் நாடா மாறிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். முதல் சங்கதி வேகத்துக்கானது, எல்லாருக்கும் பிடித்தது. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி. ஒவ்வொரு இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்ததும் தகடு கீழே விழும், தறி நிற்கும். தறியைக் கண்கொட்டாமல் காவல் காக்க வேண்டிய அவசியம் போய்விட்டதால் ஒரே ஆள் முப்பது தறியைக்கூடப் பார்க்க முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறியின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. உலகத்துக்கே தறி செய்து விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. கீய்ச்சிரோ அதன்பிறகு கார் பக்கம் போனார். 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி உருவானது.

கார் தொழிற்சாலைக்குப் போனபோதும் அவர்கள் தறியின் தகட்டை மறக்கவில்லை. அங்கே தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக உட்காரவில்லை என்றாலும், கதவு இடிக்கிறது என்றாலும் அவர் கயிற்றை இழுக்கலாம். மணி அடிக்கும், விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அந்த உரிமை உண்டு. யாரைக் கேட்கவும் வேண்டியதில்லை.

இப்போது நம் தறி ஷெட்டுக்குத் திரும்புவோம். ஏர்ஜெட் தறி, ரேப்பியர் தறி வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம், ‘எங்கள் தறியில் எல்லாத்துக்கும் சென்சார் இருக்குதுங்க’ என்று. உண்மைதான். தறிக்குச் சென்சார் வைத்துவிட்டோம். தறி ஓட்டுகிறவரின் வாய்க்கு என்ன வைத்திருக்கிறோம்? மீட்டர் கணக்கில் கூலி. நிறுத்தினால் அவருக்குத்தான் மீட்டர் குறையும். டேமேஜ் வந்தால் பிடித்தம், அதைச் சொன்னவர் தலையிலேயே அதுவும் விழும். இப்படி இரண்டு பக்கமும் அடி விழுகிற இடத்தில் ஒரு மனிதர் எதைச் செய்வாரோ அதைத்தான் அவர் செய்கிறார். பார்க்காதது மாதிரி ஓட்டுகிறார், ஷிப்ட் முடிந்ததும் போய்விடுகிறார். துணி ஈரோட்டுக்கோ அகமதாபாத்துக்கோ போய்த் திரும்பி வருகிறபோது உங்களுக்குத் தெரிகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்த முடிவு அவர் நிலைமைக்குச் சரியான முடிவு. தப்பு கூலிக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் இன்று தறியிலும் மில்லிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனுக்குத் தமிழ் ‘சாப்பாடு, சம்பளம், லீவு’ வரை வரும். நமக்கு ஒடியா அந்த அளவுகூட வராது. பேரிங் வழக்கமில்லாத மாதிரி சத்தம் போடுகிறது, எண்ணெய் கருகுகிற வாடை வருகிறது, நேற்று வந்த நூல் கோனில் ஈரம் ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை, நம்மிடம் காது இல்லை. ஒரு ஷெட்டுக்கு ஒருவராவது இரண்டு பாஷையும் தெரிந்தவராக இருக்கட்டும், அவருக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். ‘அதெல்லாம் கைஜாடையிலேயே நடக்குதுங்க’ என்கிறார்கள். ஓடுவதற்குக் கைஜாடை போதும். பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல அது போதாது.

அடுத்து கோழிப் பண்ணை. இந்த ஊரில் இதைப் பேசாமல் போனால் மேடையை விட்டு இறக்கிவிடுவீர்கள். தமிழ்நாட்டில் கறிக்கோழியின் கொள்முதல் விலை இங்கிருந்துதான் அறிவிக்கப்படுகிறது. சென்னையில் கோழி வாங்குகிறவருக்குப் பல்லடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பல்லடம் விலை தெரியும்.

ஒப்பந்த வளர்ப்பின் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி. ஷெட், கரண்ட், தண்ணீர், கீழே பரப்புகிற தேங்காய் நார்த்தூள், உழைப்பு எல்லாம் விவசாயி. ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோவை ஒட்டி வந்ததும் கம்பெனி வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். விவசாயிக்கு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எத்தனை குஞ்சு செத்தது, ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் தின்றது என்பதை வைத்துக் கூலி ஏறும், இறங்கும். அந்தக் கூலி போதுமா போதாதா என்ற வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைத் தீர்க்க நான் வரவில்லை. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, விஷயம் எங்கே தெரிகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

கோழிக்கு ஏதோ சரியில்லை என்பது எங்கே முதலில் தெரியும்? தீவனம் எடுப்பது குறையும், தண்ணீர் குடிப்பது மாறும். இதை மீட்டர் காட்டுவதற்கு முன்னால் தட்டை நிரப்புகிறவர் கை காட்டும். மூச்சுக்குழாய் நோய் என்றால் ராத்திரி விளக்கை அணைத்து ஷெட் அடங்கினபிறகு காதில் விழும், கொரகொரவென்று தும்முகிற சத்தம். பகலில் பத்தாயிரம் கோழி போடுகிற சத்தத்தில் அது கேட்காது. கம்பெனி சூப்பர்வைசர் வருவது பகலில். ஆக, அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடியவர் ஷெட் பக்கத்தில் படுத்திருக்கும் பண்ணைக்காரரோ, அவர் வீட்டம்மாவோ, கூலிக்கு இருக்கும் ஒரு குடும்பமோதான். அவர் காலையில் போன் பண்ணிச் சொல்கிறார். சூப்பர்வைசருக்கு மேலே இன்னொருவர், அவருக்கு மேலே இன்னொருவர். ஒவ்வொரு படியிலும் ‘கொஞ்சம் தும்முதாம்’ என்று செய்தி மெலிந்துகொண்டே போகிறது. ஏனென்றால் என் ஏரியாவில் நோய் என்று மேலே சொல்கிற சூப்பர்வைசருக்கு மாதக் கடைசிக் கூட்டத்தில் பாராட்டுக் கிடைப்பதில்லை.

சித்திரை வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தீவனம் செரிக்கிறபோதும் உடம்பு சூடேறும். அதனால்தான் மத்தியானத்தில் தீவனத்தைத் தூக்கிவிடுகிறார்கள். வெயிலில் முதலில் சாகிறது எடை கூடின, நாளைக்கோ மறுநாளோ பிடிக்க வேண்டிய கோழி. போட்ட தீவனம் அவ்வளவும் அதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பிடிப்பதா, விலை ஏறட்டும் என்று இரண்டு நாள் பொறுப்பதா என்ற முடிவு மார்க்கெட்டைப் பார்த்து ஆபீசில் எடுக்கப்படுகிறது. ஷெட்டில் ஒன்றரை மணிக்கு என்ன சூடு என்பது ஆபீஸ் ஏசிக்குத் தெரியாது. விலையைப் பார்க்காமல் கம்பெனி நடத்த முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது, ஷெட்டுக்குள் இத்தனை டிகிரி தாண்டினால், ஒரு நாளில் இத்தனை கோழி செத்தால், விலையைப் பார்க்காமல் வண்டி வரும் என்று தை மாசியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ள முடியாதா என்பதைத்தான். வெயில் வந்தபிறகு அந்த எண்ணைப் பேச முடியாது. அப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் நட்டம்தான் கண்ணுக்குத் தெரியும்.

முன்கூட்டி எழுதாத எண்ணுக்கு என்ன கதி என்பதற்கு ஒரு வெளிநாட்டுச் சம்பவம். 1986 ஜனவரி 27 இரவு. அமெரிக்காவில் சேலஞ்சர் விண்ணோடம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். கடும் குளிர். பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்த மார்ட்டன் தையகால் கம்பெனியின் இன்ஜினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் தெளிவாகச் சொல்கிறார்கள்: ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே கிளப்ப வேண்டாம். நாசா அதிகாரிகள் எரிச்சலாகிறார்கள். வழக்கமாக ‘பாதுகாப்பு என்று நிரூபி’ என்று கேட்கிறவர்கள், அன்றிரவு ‘ஆபத்து என்று நிரூபி’ என்று கேட்டார்கள். கேள்வி தலைகீழானதும் இன்ஜினியர்கள் தோற்றார்கள். கம்பெனி மேலாளர்கள் தனியாகப் பேச நேரம் கேட்டார்கள். தொழில்நுட்பப் பிரிவின் தலைவரை, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி மூத்த அதிகாரி சொன்னது விசாரணையில் வெளிவந்தது. முடிவு மாறியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் வெடித்தது, ஏழு பேர் இறந்தார்கள். அங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வாய் திறந்து சொன்னார்கள், கேட்க ஆட்களும் இருந்தார்கள். சொல்லுக்கு நிறுத்துகிற சக்தி மட்டும் இல்லை.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் பாதியைத்தான் மேடைகளில் சொல்கிறார்கள். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட் எஸ்.எல்.வி.-3. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் உட்கார்ந்து பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18இல் வெற்றி வந்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவன் வாங்கிக்கொள்ள வேண்டும், வெற்றியைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கைதட்டி முடித்துவிடுகிறோம்.

நான் பார்க்கச் சொல்வது அதற்கு முந்தைய சில நிமிடங்களை. இதையும் கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போது கணினி நிறுத்தச் சொன்னது, கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிகிறது என்று திரை காட்டியது. பக்கத்திலிருந்த நிபுணர்கள் கணக்குப் பார்த்து, கசிந்தது போக மீதி போதும், கவலையில்லை என்றார்கள். கலாம் கணினியைத் தாண்டி ஏவச் சொன்னார். முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாவது கட்டம் கட்டுப்பாடு இழந்தது. தகடு விழுந்தது, தறி நின்றது, கையால் தள்ளி ஓட்டினோம் என்று நம் பாஷையில் சொல்லலாம். எத்தனையோ வருஷ உழைப்பு, நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, நிபுணர்களும் சரி என்கிறார்கள். அந்த நாற்காலியில் நம்மில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

தவான் அன்று பழியைத் தன் மேல் வாங்கிக்கொண்டதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. அது நிர்வாகத் தந்திரமும்கூட, நல்ல அர்த்தத்தில். அன்று மாலை யாரையாவது பலிகொடுத்திருந்தால், தோல்விக்கான காரணத்தைத் தோண்டிய கூட்டங்களில் ஒருவரும் உண்மை பேசியிருக்க மாட்டார்கள். உண்மை வெளியே வரவில்லையென்றால் பதினோரு மாதத்தில் அடுத்த ராக்கெட் கிளம்பியிருக்காது.

இங்கே திருக்குறளைச் சொல்லாமல் விட்டால் தமிழ்க் கூட்டம் ஆகாது. மேற்கோள் காட்டப்போவதில்லை, அதிகார வரிசையை மட்டும் கவனியுங்கள். எப்படி ஆராய்ந்து செயல்படுவது என்ற ‘தெரிந்து செயல்வகை’ 47ஆவது அதிகாரம். அதற்குப் பின்னால் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக வருகின்றன. இவற்றுக்கு முன்னால் 45ஆவதாக ‘பெரியாரைத் துணைக்கோடல்’, 46ஆவதாகச் ‘சிற்றினம் சேராமை’. தப்பு செய்தால் இடித்துச் சொல்கிற ஆள் அரசனுக்குப் பக்கத்தில் வேண்டும் என்பது 45இல் வருகிற கருத்து. எப்படி முடிவெடுப்பது என்று சொல்வதற்கு முன்பே, உன்னைச் சுற்றி யாரை வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிடுகிறார் வள்ளுவர். நிர்வாகப் படிப்பில் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டுச் சொல்லித் தருகிறார்கள் என்பது என் குறை.

எடுத்த முடிவை எப்படி மதிப்பிடுவது என்று பார்க்க, கொஞ்சம் பஞ்சு விலையைப் பற்றிப் பேச வேண்டும். 2022 மே மாதத்தில் சங்கர்-6 ரகப் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. பிறகு அந்த வருஷத்துக்குள்ளேயே மளமளவென்று இறங்கியது. உச்சத்தில் வாங்கிக் குவித்தவர்கள் நொந்தார்கள், காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். இன்றைக்கும் டீக்கடையில் தப்பித்தவரை ‘கணக்குப் புலி’ என்கிறார்கள். அவர் கணக்குப் போட்டுக் காத்திருந்தாரா, கையில் காசில்லாமல் காத்திருந்தாரா? யாரும் கேட்பதில்லை. அவரும் மூன்று வருஷம் கழித்துத் தனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வார், நமக்கெல்லாம் அந்தப் பழக்கம் உண்டு. பலனை வைத்து முடிவை மதிப்பிட்டால், அதிர்ஷ்டத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்போம். மார்க்கை முடிவுக்குப் போட வேண்டுமானால் ஒரு நோட்டு வேண்டும். பெரிய கொள்முதல், புது மெஷின், ஆள் எடுப்பது, ஆளை நிறுத்துவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே நாலு வரி எழுதுங்கள். என்ன தெரியும், என்ன தெரியாது, யார் வேண்டாம் என்றார்கள், ஏன் அதை மீறினோம். இந்த ‘யார் வேண்டாம் என்றார்கள்’ என்ற வரி தொடர்ந்து காலியாகவே இருந்தால், உங்கள் அறிவு கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு தொழிலையே நிறுத்த வேண்டி வந்த கதைக்கு, நொய்யல் ஆற்றுக்கு வருகிறேன். இதைப் பேசும்போது இந்த அரங்கில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், சாய வேலையில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் இங்கே எத்தனை? அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில வருஷத்திலேயே அதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப் பக்கத்து விவசாயிகளே மன்றாடுகிற நிலைமை, அணைக்குக் கீழே இருப்பவர் தண்ணீர் வேண்டாம் என்கிறார்! கிணற்றுத் தண்ணீர் உப்பானது, தென்னை காய்ந்தது. செய்தி வராமல் இல்லை, கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லா இடத்துக்கும் போனது. 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து கெடு கொடுத்தது. 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறு ஆலைகளுக்கு மேல் நின்றன. கரண்ட் துண்டிக்கப்பட்டது. பின்னலாடை ஊர் சாயம் போட வெளி மாநிலங்களுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு அலைந்தது.

இதைச் சாயக்காரர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மட்டும் நல்லவராகி, சுத்திகரிப்புக்குச் செலவு செய்து, கிலோவுக்குச் சாயக் கூலியைக் கூட்டியிருந்தால் மறுநாள் அவர் பார்ட்டி பக்கத்து ஆலைக்குப் போயிருக்கும். தனித்தனியாக ஒவ்வொருவரும் எடுத்த ‘இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்ற முடிவு அவரவர் கணக்குக்குப் பொருந்தியது. எல்லாம் சேர்ந்து ஓர் ஆற்றைக் கொன்றது. தாங்களாகச் சேர்ந்து நிறுத்தத் தெரியாத தொழிலை வெளியிலிருந்து ஒருவர் நிறுத்தினார். நிறுத்தியதும் என்ன ஆனது? சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புவது என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறின. முடியவே முடியாது என்று இருபது வருஷம் சொன்னதைச் சில வருஷத்தில் செய்துகாட்டினார்கள். கரண்ட் செலவு இன்னும் கழுத்தைப் பிடிக்கிறது, கழிவுக் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு வெளிநாட்டு பையர்களிடம் திருப்பூர் பெருமையாக எடுத்து நீட்டுகிற அட்டை, அன்று கோர்ட் திணித்ததுதான்.

சரி, நாளைக் காலையில் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பழக்கம் சொல்கிறார். பெரிய வேலையைத் தொடங்குவதற்கு முன் எல்லாரையும் உட்கார வைத்து, ‘ஒரு வருஷம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி, ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு காரணம் எழுதுங்கள்’ என்று கேட்பது. ‘இதில் ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் சொல்வார்கள், அது மரியாதை. தோற்றுவிட்டது என்று நாமே சொல்லிவிட்டால், காரணம் சொல்வது மரியாதைக் குறைவாகாது, கெட்டிக்காரத்தனமாகிவிடும். கொங்கு நாட்டுக் கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் நல்ல காரியத்துக்கு முன்னால் அபசகுனமாகப் பேசலாமா என்பார்கள். பூஜை போடுவதற்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முதலாளி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் அதன்பிறகு கூட்டத்தில் நடப்பது ஆமோதிப்பு மட்டும்தான். மாமா, மச்சான், பங்காளி எல்லாரும் பார்ட்னராக இருக்கிற கம்பெனிகளில் இது ரொம்பவும் தேவை. அங்கே வயதுக்கு இருக்கிற எடை சம்பளத்துக்குக்கூடக் கிடையாது.

ஒருவர் வாசலில் பிடித்துக் கேட்டார், ‘எல்லாருக்கும் நிறுத்துற உரிமை கொடுத்தா உற்பத்தி என்னங்க ஆகும்?’ என்று. நியாயமான கேள்வி. டொயோட்டாவில் கயிற்றை இழுத்ததுமே எல்லாம் உறைந்து நிற்பதில்லை. கார் அந்தப் பகுதியின் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் குழுத் தலைவர் வந்து சரிசெய்தால் ஓட்டம் தொடரும், முடியாவிட்டால்தான் நிற்கும். ஓடிவர ஓர் ஆள் இருந்தால்தான் கயிற்றுக்கு அர்த்தம். ஆளில்லாமல் கயிறு மட்டும் கட்டினால் ஒரு மாதத்தில் யாரும் இழுக்க மாட்டார்கள். எனவே உங்கள் ஷெட்டில் ராத்திரி ஷிப்டில் யார் ஓடிவருவார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவர் போனை எடுக்கிறவராக இருக்கட்டும். சும்மா நிறுத்தினதாகவே இருந்தாலும், நிறுத்தின நேரத்துக்கு அந்தத் தறிக்காரருக்குச் சராசரி மீட்டர் கணக்குப் போட்டுக் கூலி கொடுத்துவிடுங்கள். தொகையாகப் பார்த்தால், திரும்பி வந்த ஒரே ஒரு பேல் துணியின் நட்டத்துக்கு அது உறை போடக் காணாது.

எட்டுத் தறி வைத்துக்கொண்டு, தானே முதலாளி, தானே மேஸ்திரி, தானே மெக்கானிக் என்று இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவரை யார் நிறுத்துவது? பெரும்பாலும் கணக்கு நோட்டு வீட்டம்மா கையில் இருக்கும். கரண்ட் பில், நூல் கடன், சீட்டுப் பணம், வட்டி எல்லாம் அவருக்குத்தான் தேதி வாரியாகத் தெரியும். அடுத்த தறி வாங்கக் கடன் எடுக்கும்போது அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறோம். கேள்வி கேட்க நேரம் கொடுப்பதில்லை. இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருக்கிற சகோதரிகள் தலையாட்டுகிறார்கள். ஆண்கள் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்வி நேரத்தைப் பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.